ஒரு நாள் பிந்தி வந்த வண்டி

மக்கா,

பேப்பரில் உன் படம் நன்றாக வந்திருக்கிறது. உன் அம்மை அதைக் கத்தரித்து ஷோகேஸ் கண்ணாடிக்குள் வைத்துவிட்டாள். அவளுக்கு மலையாளம் பேச வருமே தவிர வாசிக்க வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் படத்தை மட்டும் பார்த்துப் பூரித்துப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டு டீச்சர் வந்து முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன் என்றபோது, ஷோகேஸ் சாவி காணவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இந்த வயதில் இப்படியெல்லாம் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

நான் வாசித்தேன். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் வண்டி பிடித்துக் கொடுக்கும் கம்பெனியைத் திருவனந்தபுரத்தில் தொடங்கப் போகிறாயாம். பெரிய ஓட்டலில் திறப்பு விழா. குத்துவிளக்கை நான்தான் ஏற்ற வேண்டும் என்று போனில் சொன்னாய், நானும் சரி என்றேன். அப்போது பேப்பர் வரவில்லை. பேப்பரில் உன் படத்துக்குக் கீழே கட்டம் கட்டி, எழுத்தைத் தடிப்பாக்கி ஒரு விஷயம் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் வேன் சர்வீஸில் ஒரு டிரைவர் இருந்தார், ஒரு கல்யாணத்தன்று குடித்துவிட்டுப் படுத்துவிட்டார், மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலையில் தெருவில் நின்றார்கள், மனிதர்களை நம்பாமல் ஓடும் ஒரு முறையை உண்டாக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன் என்று நீ சொன்னதாக. டிரைவரின் பெயரை நீ சொல்லவில்லை. நம்மிடம் இருந்தது ஒரு வேன், ஒரு டிரைவர். நம் ஆபீஸ் இருந்த தம்பானூரில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவனுக்குக்கூட அது யார் என்று தெரியும்.

இதை ஒரு கவரில் போட்டு உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருக்கலாம். நீ ஊரறியச் சொன்னாய், அதனால் நானும் ஊரறியவே எழுதுகிறேன். உனக்குக் கோபம் வரட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது மெஷினைக் கண்டால் மிரளும் கிழவன் என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம். லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போடும் அளவுக்கு இடம் எடுத்து நான் தொழில் தொடங்கியபோது, அந்த வரிசையில் டெலிபோன் வைத்த முதல் ஆள் நான். பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் அதில்தான் துக்கமும் சந்தோஷமும் வந்து சேர்ந்தது. பேஜர் வந்தபோது டிரைவர் ஞானமுத்துவின் இடுப்பில் ஒன்றை மாட்டிவிட்டேன். அது கூவினால் அவர் எங்காவது பூத் தேடிப் பிடித்து என்னைக் கூப்பிடுவார். செல்போன் வந்தது. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. நானும் அவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு தடவை அடித்து நின்றால் ஆட்களை ஏற்றியாயிற்று, இரண்டு தடவை அடித்தால் இறக்கியாயிற்று, விடாமல் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும். கம்பெனிக்காரனுக்கு ஒரு பைசா கொடுக்காமல் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் கல்லாற்றுக்கும் வண்டி ஓட்டினோம். நீ கேட்டுவிட்டு, இதுதான் அப்பா டேட்டா கம்யூனிகேஷன் என்று சிரித்தாய். அப்போது உன் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

ஞானமுத்து யார் என்பது உனக்குத் தெரியும், பேப்பர் வாசித்தவர்களுக்குத் தெரியாது. பாறசாலைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டம் போகமாட்டார், சபைக்குப் போக வேண்டும். அதற்காக நான் பலமுறை அவரிடம் கத்தியிருக்கிறேன். சாவியைத் திருகும் முன் ஸ்டீரிங்கில் கைவைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். சின்ன வயதில் நீ பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் போலவே செய்து காட்டிச் சிரிப்பாய், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒரு தடவை சளி பிடித்து நெஞ்சு அடைத்துக்கொண்டபோது உன் அம்மை அரிஷ்டம் ஊற்றிக் கொடுத்தாள். மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுல சாராய மணம் உண்டு, எனக்கு வேண்டாம்" என்று கிளாஸைத் திருப்பி வைத்துவிட்டார். அந்த மனிதரைத்தான் நீ குடிகாரன் என்றாய். ஒரு தடவை இல்லை, இதோடு இரண்டு தடவை.

நம் ஆபீஸ் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கியது நினைவிருக்கும். ஒன்று நாகர்கோவிலிலிருந்து வருகிற தமிழ்த் தினசரி காலண்டர், மற்றது மலையாளக் காலண்டர். இந்த ஊரில் தமிழர் வீடுகளில் அப்படித்தான். மலையாளிகள் இடவம் பத்து என்பார்கள், நம் ஆட்கள் வைகாசி பத்து என்பார்கள், மாதம் ஒன்றுதான். பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில் பிறக்கும். சூரியன் ராசி மாறுவது மத்தியானம் தாண்டிப் போனால் மட்டும் மலையாள மாதம் மறுநாள்தான் பிறக்கும், தமிழ் மாதம் அன்றைக்கே பிறந்துவிடும். அப்புறம் அந்த மாதம் முழுக்க ஒரு நாள் வித்தியாசம். இது எனக்குத் தெரிந்த பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நம் தெருவில் பால்காரனுக்கும் தெரியும். அதனால் யார் வண்டி கேட்டு போன் செய்தாலும் தேதியை எழுதிவிட்டு, "என்ன கிழமை?" என்று கேட்பேன். கிழமை இரண்டு காலண்டரிலும் ஒன்றுதானே. அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் போனை வைத்ததில்லை.

நீ படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த சமயம் கம்ப்யூட்டர் வந்தது. நான்தான் வாங்கித் தந்தேன், முழு மனதோடு வாங்கித் தந்தேன். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தது உன் அம்மை. ராத்திரி பகலாக உட்கார்ந்து நீயே புரோகிராம் எழுதினாய். வரிசைக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய். வாடிக்கையாளர் பெயரை அடித்தால் பழைய ஓட்டமெல்லாம் வந்து நிற்கும். மலையாள மாதத்தைத் தேர்ந்தெடுத்து நாளைப் போட்டால் இங்கிலீஷ் தேதியும் கிழமையும் தன்னால் வந்து விழும். நம் தமிழ் ஆட்களுக்காக ஒவ்வொரு மலையாள மாதத்துக்குப் பக்கத்திலும் அதன் தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாய். இடவம், ஒரு கோடு, வைகாசி. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் ஒரு புக்கிங் எடுக்கும்போது வழக்கம்போல "என்ன கிழமை?" என்று கேட்டேன். நீ என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா, இனி அதைக் கேக்கவே வேண்டாம். டேட் போட்டா டே தானா வரும். கஸ்டமர்ட்ட சும்மா சும்மா கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க." அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. பிறகு போன் உன் பக்கம் போய்விட்டது. நான் டயர், பெர்மிட், ஒர்க்‌ஷாப் என்று வெளிவேலைகளைப் பார்த்துக்கொண்டேன்.

கரமனை ஆறுமுகம் பிள்ளை தன் மகன் கல்யாணத்துக்கு நம் வேனைக் கேட்டு போன் செய்தார். கணக்காபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், நம்மிடம் அதற்கு முன் வந்ததில்லை. வைகாசி பதினொன்று, விடியற்காலை நாலு மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும், நாகர்கோவிலில் ஏழரை மணிக்கு முகூர்த்தம் என்றார். நீ அடித்தாய். அந்த வருஷம் வைகாசி முந்தியே பிறந்துவிட்டது, இடவம் மறுநாள் பிறந்தது. கம்ப்யூட்டர் இடவம் பதினொன்றுக்கு உள்ள தேதியையும் கிழமையையும், அதாவது கல்யாணத்துக்கு மறுநாளை, காட்டியது. நீ "ஓகே சார்" என்று போனை வைத்தாய்.

அந்தக் கல்யாணத்தன்று நான் ஊரில் இல்லை. என் தங்கையின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குத் திருநெல்வேலி போயிருந்தேன். அதனால் நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாலு மணிக்குப் பெண்டுகள் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். ஆபீஸ் போனை நீ உன் செல்லுக்கு மாற்றி வைத்திருந்தாய். அன்றைக்கு ஓட்டம் இல்லை என்று கம்ப்யூட்டர் காட்டியதால் செல்லை அணைத்துவிட்டுத் தூங்கினாய். வெளிச்சம் வரும்வரை பார்த்துவிட்டு, கிடைத்த ஆட்டோக்களில் தம்பானூர் போய் அரசு பஸ் பிடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வேஷ்டி கசங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு களியக்காவிளை வரை நின்றுகொண்டு போயிருக்கிறான். போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டிவிட்டது. உச்சிப்பொழுதில் ஒரு நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். மண்டபத்தில் பெண் வீட்டார் பேசிய பேச்சை ஆறுமுகம் பிள்ளை சாகும்வரை மறக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பிள்ளையின் மச்சினன் நம் ஆபீஸ் முன்னால் வந்து நின்று சத்தம் போட்டான். கல்யாணத்துக்குப் போகாமல் சண்டை போடவென்றே நின்றுகொண்டவன் அவன். கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். கம்ப்யூட்டர் தப்பே செய்யாது என்று யார் யாரிடம் சொல்லியிருந்தாயோ அவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். நீ எழுந்து நின்று, "டிரைவர் குடிச்சிட்டுப் படுத்துட்டான் அங்கிள், ஸாரி" என்றாய்.

சின்னப் பையன், பயந்துவிட்டான், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அதை நான் கேள்விப்பட்ட அன்றைக்கே மன்னித்துவிட்டேன், நிஜமாகவே மன்னித்தேன். அடுத்த நாள் நடந்ததைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. ஞானமுத்துவிடம் நீ கொடுத்திருந்த ஓட்டம் மறுநாள் விடியற்காலைக்கு. பாறசாலையில் தன் வீட்டில் வண்டியோடு இருந்த மனிதருக்கு இங்கே நடந்தது ஒன்றும் தெரியாது. நீ ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். விடாமல் அடித்தால் எடுப்பாரே. எந்த முகத்தோடு பேசுவது என்று நீ சும்மா இருந்துவிட்டாய். அவர் முந்தின நாள் வண்டியைக் கழுவி, முன்கண்ணாடிக்குப் பூச்சரம் கட்டி, சரியாக நாலு மணிக்குக் கரமனையில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறார். உள்ளே புதுப்பெண் வந்து ஒரு ராத்திரிதான் ஆகிறது.

மச்சினன் கதவைத் திறந்து பார்த்தான். "குடி இப்பந்தான் தெளிஞ்சுதோலே?" என்று கேட்டுச் சட்டையைப் பிடித்திருக்கிறான். ஞானமுத்து, இன்றைக்குத்தானே கல்யாணம் என்றிருக்கிறார். அதற்குத் தெருவே சிரித்திருக்கிறது. ஒரு நாள் போனதுகூடத் தெரியாத அளவுக்குக் குடித்திருக்கிறான் என்று. யோசித்துப் பார், மக்கா. நீ சொன்ன பொய்க்கு நீ சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. நீ கொடுத்த நேரத்தை ஒரு நிமிஷம் தவறாமல் காப்பாற்றி, அந்த மனிதர் தானே வந்து சாட்சியாக நின்றார்.

நான் சாயங்காலம் வந்து இறங்கியபோது வேன் லாட்ஜ் வாசலில் நின்றது, சாவி மேஜை மேல் இருந்தது, அவர் போய்விட்டார். பூச்சரம் வாடிக் கிடந்தது. சுவரில் இரண்டு காலண்டரையும் பார்த்தேன். "கிழமை கேட்டியாலே?" என்று கேட்டேன். கீபோர்டில்தான் உன் கை இருந்தது. தமிழ் மாதத்தைத் தனியாகப் பிரித்துப் புரோகிராமைச் சரிசெய்துகொண்டிருந்தாய். தப்பு எங்கே என்று உனக்கு அதற்குள் நன்றாகத் தெரிந்திருந்தது.

பிள்ளை வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல் என்றேன். "சொன்னா போச்சு அப்பா. இந்த சாப்ட்வேரை நாலு டிராவல்ஸ்காரன் கேட்டிருக்கான். டிரைவர் தப்புன்னா வேற டிரைவர் கிடைப்பான், சாப்ட்வேர் தப்புன்னா பின்ன எவனும் வாங்க மாட்டான்" என்றாய். நீ போகவில்லை. நான் போனேன். வாசலில் நிற்க வைத்துத்தான் பேசினார் பிள்ளை. தேதி, மாதம், காலண்டர் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், முப்பது வருஷம் கணக்குப் பார்த்த மனிதர் இல்லையா. முடிவில், "கம்ப்யூட்டர் தப்பாப் போடுமா வே? குடிகாரப்பயலக் காப்பாத்தணும்னு பெத்த பிள்ளையக் காட்டிக் குடுக்கேரே, நல்லாருக்கா?" என்று கேட்டார். வரிசைக் கடைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். மெஷினுக்குப் பொய் சொல்ல என்ன அவசியம், மனிதனுக்குத்தான் அவசியம் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அப்படி நம்பச் சொல்லிக் கொடுத்தது நம் கடைதான்.

பேச்சு பாறசாலைக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. அதே பஸ்ஸில்தானே எல்லாரும் போய் வருகிறார்கள். சபையில் காணிக்கைப் பை எடுக்கும் பொறுப்பு ஞானமுத்துவிடம் இருந்தது. ரொம்ப மரியாதையாக, உங்களுக்கு அலைச்சல் அதிகம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி வாங்கிவிட்டார்கள். நான் அங்கேயும் போய்ச் சொன்னேன். முதலாளி நல்லவர், வேலைக்காரனை விட்டுக்கொடுக்கவில்லை என்று எனக்குத்தான் பாராட்டு கிடைத்தது. நீ புரோகிராமை விற்றாய், பெங்களூருக்குப் போனாய், வளர்ந்தாய். நான் வேனை விற்றேன். கம்ப்யூட்டரால் தொழில் கெட்டது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அது உண்மையும் இல்லை. அந்த மெஷின் நீ கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தது.

இத்தனை வருஷம் இதைப் பற்றி நாம் பேசவில்லை. உனக்கு அது உள்ளுக்குள் உறுத்தும், அதனால்தான் பேசமாட்டேன் என்கிறாய் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேப்பரை வாசித்த பிறகுதான் தெரிந்தது, உனக்கு உறுத்தவே இல்லை. அதை எடுத்துத் துடைத்து, பாலீஷ் போட்டு, கம்பெனிக்குக் கதையாக வைத்துக்கொண்டிருக்கிறாய். சொல்லிச் சொல்லி நீயே நம்பத் தொடங்கிவிட்டாயோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போனேன். ஞானமுத்து வீட்டில் இருந்தார். பேப்பர் விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, சபையில் யாரோ கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வாங்கிவரச் செய்தார், உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. விழா மேடையில் விளக்கேற்றச் சொல்லியிருக்கிறான், அங்கேயே மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம் சாரே. நீங்க அண்ணைக்கே சொன்னிய, ஆரும் கேக்கல்ல. இப்பம் சொன்னாலும் எனக்காகச் சொல்லுகியன்னுதான் நினைப்பாவ. அத உங்க மோன் வந்து சொல்லணும்."

சபையில் வந்து சொல்லச் சொல்கிறேன் என்றேன்.

"சபை எனக்குப் பெரிசில்ல சாரே. எனக்க லில்லிபாய்க்குக் கேக்கணும்" என்றார்.

அவர் மனைவி லில்லிபாய் போன வருஷம் இறந்துவிட்டாள். எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய முறையிலும் நாம் இல்லை.

"அவ ஒரு நாளும் எங்கிட்ட கேட்டதில்ல சாரே. குடிச்சியளான்னு வாய் தொறந்து கேட்டிருந்தா வேதப்புஸ்தகத்துல கை வச்சு இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்க மாட்டா. அண்ணையிலேருந்து, நான் எங்கயாவது போயிட்டு வீட்டுல கேறினா, குடிக்க வெள்ளம் கொண்டு தாறதுபோல பக்கத்துல வந்து நிப்பா. நின்னு மணத்திப் பாப்பா. ஒண்ணும் சொல்லாம போவா. ஆஸ்பத்திரியில கிடக்கப்பவும் நான் குனிஞ்சா மணத்திப் பாத்தா."

மக்கா, விளக்கேற்ற வேறு ஆளைப் பார்த்துக்கொள். அம்மைக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். உன் கம்பெனி நன்றாக நடக்கட்டும், அதை நான் மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ பாறசாலைக்கு வா. சபைக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் லில்லிபாயை வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று, உன் புருஷன் குடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று வாய் திறந்து சொல்லு. செத்துப்போனவளுக்குக் கேட்குமா என்று கேட்பாய். கேட்காது. ஆனால் பக்கத்தில் ஞானமுத்து நிற்பார்.

அப்பா